ஜமைக்கா அளவுள்ள ஒரு மாவட்டம்

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 26 லட்சம் பேர் வாழ்ந்தனர். கரீபியக் கடலில் உள்ள ஜமைக்கா என்னும் தீவு நாட்டின் மொத்த மக்கள்தொகையும் 28 லட்சத்தை ஒட்டியே இருக்கிறது. அந்த நாட்டில் 14 கழகங்கள் ஆடும் ஆடவர் முதற்பிரிவுக் கால்பந்து லீக் ஆண்டுதோறும் பல மாதங்களுக்கு நடக்கிறது. அதில் மேலிடம் பெறும் கழகங்கள் கரீபியப் பகுதியின் பிற நாட்டுக் கழகங்களோடு மோதி, அதிலும் வென்றால் மெக்சிகோ, அமெரிக்கா ஆகிய நாடுகளின் பெரிய அணிகளை எதிர்கொள்கின்றன. கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில், செம்மண்ணும் முந்திரித் தோப்புகளும் சூழ்ந்த குள்ளஞ்சாவடியில் பிறந்து கால்பந்தில் தேர்ந்த ஓர் இளைஞர், தமிழ்நாட்டின் உச்ச லீக்கில் ஆட விரும்பினால், ஊரை விட்டு 200 கிலோமீட்டர் அளவு தள்ளியிருக்கும் சென்னைக்குக் குடிபெயர வேண்டும். நாட்டின் உச்ச லீக்கை எட்டுவதற்கோ, அவருடைய ஊரிலிருந்து புறப்படும் வழி என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. உடல்வாகு, உணவு, பணம் என்று இந்த இடைவெளிக்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. அவற்றையெல்லாம் விட அழுத்தமான காரணம் போட்டிகளை அடுக்கும் முறையிலேயே இருக்கிறது என்பதைக் கரீபியத் தீவுகளின் அனுபவமும், தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று இந்தியாவின் சாம்பியனாகிப் பின் மறைந்த வரலாறும் சேர்ந்து காட்டுகின்றன.

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் கால்பந்துப் போட்டி என்றால் பெரும்பாலும் ‘டோர்னமெண்ட்’ என்றே பொருள். ஊர்த் திருவிழாவை ஒட்டியோ, மறைந்த ஒருவரின் நினைவாகவோ, கோடை விடுமுறையிலோ இரண்டு மூன்று நாட்களுக்குள் நடத்தி முடிக்கப்படும் இப்போட்டிகளில், தோற்ற அணி அப்போதே வெளியேறும் ‘நாக்-அவுட்’ முறையே வழக்கம். பல இடங்களில் அணிக்கு ஏழு பேர் மட்டும் ஆடும் ‘செவன்ஸ்’ ஆட்டமே நடக்கிறது. லீக் என்பது இதிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது: பங்கேற்கும் ஒவ்வொரு கழகமும் மற்ற ஒவ்வொரு கழகத்துடனும், பொதுவாகத் தன் மைதானத்தில் ஒரு முறையும் எதிரணியின் மைதானத்தில் ஒரு முறையும் ஆடி, வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1 என்று புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போகும், பருவத்தின் முடிவில் மிகுதியான புள்ளிகளைச் சேர்த்த கழகமே சாம்பியன். 16 அணிகள் நாக்-அவுட் முறையில் ஆடினால் மொத்தமே 15 ஆட்டங்கள்தான் நடக்கும், அவற்றில் 8 அணிகள் ஒரே ஓர் ஆட்டத்தோடு வீடு திரும்பும். அதே 16 அணிகள் லீக் முறையில் ஆடினால் 240 ஆட்டங்கள் நடக்கும், கடைசி இடம் பெறும் அணிக்கும் 30 ஆட்டங்கள் கிடைக்கும். ஓர் இளைஞர் தன் தவறை அடுத்த வாரம் திருத்திக்கொள்ளவும், காயத்திலிருந்து மீண்டு வரவும், மழையில் ஒரு விதமாகவும் காய்ந்த தரையில் வேறு விதமாகவும் ஆடிப் பழகவும் அந்த 30 ஆட்டங்களே இடம் தருகின்றன. பயிற்சியாளர் ஒருவர் ஒரு வீரரின் உண்மையான தரத்தை அறிவதும் அப்போதுதான். இறுதி ஆட்டத்தில் ஒரு கோல் அடித்தவரை விட, 20 வாரங்கள் தவறாமல் தன் இடத்தைக் காத்து நின்றவரே பெரிய அணிகளுக்குத் தேவைப்படுகிறார்.

லீக்கின் இரண்டாவது இன்றியமையாத கூறு ஏற்றமும் இறக்கமும் ஆகும். மேல்பிரிவில் கடைசி இடங்களைப் பெறும் கழகங்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவதும், கீழ்ப்பிரிவில் முதலிடம் பெறும் கழகங்கள் மேலே ஏறுவதும் உலகின் பெரும்பாலான கால்பந்து நாடுகளில் கேள்விக்கு அப்பாற்பட்ட விதி. ஜமைக்கா ‘பாரிஷ்’ எனப்படும் 14 நிர்வாகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அளவில் நம் வட்டங்களைப் போன்ற இப்பகுதிகளின் கால்பந்துச் சங்கங்கள் தத்தம் லீக்குகளை நடத்தி வந்துள்ளன. அவற்றை வெல்லும் கழகங்கள் மண்டல அளவிலான அடுத்த நிலைக்கும், அங்கும் வெல்பவை தகுதிப் போட்டிகள் வழியாக நாட்டின் முதற்பிரிவுக்கும் ஏறுவதே அந்நாட்டின் நெடுநாள் ஏற்பாடு. இடைநிலைகளின் பெயரும் வடிவமும் காலத்துக்குக் காலம் மாறியிருந்தாலும், ஒரு குடியிருப்பின் அணி நாட்டின் சாம்பியனாகலாம் என்ற வாய்ப்பு மட்டும் மூடப்படவில்லை. இதற்கு இணையாகப் பள்ளிகளும் நிற்கின்றன: தலைநகர் கிங்ஸ்டன் வட்டாரப் பள்ளிகளுக்கான மானிங் கோப்பையும், பிற பகுதிப் பள்ளிகளுக்கான டகோஸ்டா கோப்பையும் தலைமுறைகளாக நடந்து வருகின்றன, நாட்டுக்காக ஆடியவர்கள் பலர் முதலில் கூட்டத்தின் ஆரவாரத்தைக் கேட்டது இந்தப் பள்ளிப் போட்டிகளில்தான்.

கிங்ஸ்டனின் கிழக்கு ஓரத்தில் ஹார்பர் வியூ என்றொரு குடியிருப்பு 1960களில் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. அங்கு வாழ்ந்தவர்கள் 1974இல் தொடங்கிய கழகம் தனக்கென்று ஒரு சிறு விளையாட்டரங்கை உருவாக்கிக்கொண்டு, கீழ்ப்பிரிவுகளிலிருந்து ஏறி வந்து, ஜமைக்காவின் சாம்பியன் பட்டத்தைப் பலமுறை வென்றதோடு கரீபியக் கழகங்களின் சாம்பியனாகவும் ஆயிற்று. நெய்வேலியும் அதே காலத்தில் அதே வகையில் பிறந்த ஊர்தான்: 1956இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காக அகன்ற சாலைகளையும், ‘வட்டம்’ என்று எண்ணிட்டு அழைக்கப்படும் குடியிருப்புப் பகுதிகளையும், பள்ளிகளையும், பாரதி விளையாட்டரங்கத்தையும் கட்டியது. மைதானத்துக்கும் மரநிழலுக்கும் குறைவில்லாத இந்த நகரியம் வசதியில் எந்தக் கரீபியக் குடியிருப்புக்கும் இளைத்ததன்று. ஹார்பர் வியூவுக்குக் கிடைத்ததும் நெய்வேலிக்குக் கிடைக்காததுமான ஒன்று, வென்றால் மேலே போகலாம் என்று உறுதி தரும் ஒரு லீக் அட்டவணை.

கரீபிய நாடுகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளும்போது அங்குள்ள குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டிரினிடாட் அண்ட் டொபாகோ கடலூர் மாவட்டத்தில் ஏறக்குறைய பாதி அளவே மக்கள்தொகை கொண்ட நாடு. 2006ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைக்கு அது தகுதி பெற்று, டார்ட்மண்ட் நகரில் சுவீடனைக் கோலின்றிச் சமநிலையில் நிறுத்தியபோது உலகமே அந்தச் சிறு நாட்டைத் திரும்பிப் பார்த்தது. 1999இல் அங்கு தொடங்கப்பட்ட தொழில்முறை லீக் அரசின் நிதியுதவியைப் பெரிதும் நம்பி நின்றதால், அந்த ஆதரவு தளர்ந்ததோடும் நாட்டின் கால்பந்துச் சங்கமே நெருக்கடிக்குள்ளாகி உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் பொறுப்பாளர்களிடம் 2020இல் ஒப்படைக்கப்பட்டதோடும், கொரோனா காலத்தில் நின்றே போயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 2023இல், புதிய பெயரில் பிரீமியர் லீக் ஒன்று தொடங்கப்பட்டபோது அதன் முதல் பட்டத்தை வென்றது டிஃபென்ஸ் ஃபோர்ஸ் என்னும் படைத்துறை அணி. 1978லும் 1985லும் வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கழகங்களின் சாம்பியனாக விளங்கிய பழைய அணி அது. பணம் வரும் ஊற்று ஒன்றே ஒன்றாக இருந்தால் லீக் எவ்வளவு விரைவில் வறண்டுபோகும் என்பதற்கு டிரினிடாட் சாட்சி. இந்தியாவும் அதே பாடத்தைப் பின்னர் கற்க நேர்ந்தது.

2025 நவம்பரில் கிங்ஸ்டனில் ஜமைக்காவைச் சமநிலையில் நிறுத்தி 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற குராசாவ் இன்னொரு எச்சரிக்கை. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்தத் தீவு, உலகக் கோப்பையை எட்டிய நாடுகளிலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்டது. 2011இல் ஒரு லட்சத்தைச் சற்றே கடந்திருந்த நெய்வேலி நகரியத்தோடு ஒப்பிடத்தக்க அளவு அது. எனினும் குராசாவின் வீரர்கள் பெரும்பாலும் நெதர்லாந்தில் பிறந்து அந்நாட்டின் கழகங்களில் வளர்ந்தவர்கள் என்பதால், உள்ளூர் லீக்கின் பெருமையாக அந்தச் சாதனையைக் கொண்டாடுவது பொருந்தாது. உள்ளூர் லீக்கின் பெருமையைக் காண ஜமைக்காவுக்கே திரும்ப வேண்டும். கிங்ஸ்டனின் காவலியர் கழகம் 2024இல் கரீபியக் கோப்பையை வென்றதன் பயனாக, 2025 மார்ச்சில் லயோனல் மெஸ்ஸி ஆடும் இன்டர் மயாமி அணி ஜமைக்காவின் தேசிய அரங்குக்கு வந்து ஆட வேண்டியிருந்தது. ஆட்டத்தில் காவலியர் 0-2 என்று தோற்றது. ஆனாலும் உள்நாட்டு லீக்கில் வாரந்தோறும் ஆடும் இளைஞர்கள் தங்கள் ஊரிலேயே மெஸ்ஸிக்கு எதிராக நின்றார்கள், அதுவும் அழைப்பின் பேரில் நடந்த காட்சிப் போட்டியில் அன்றி, படிப்படியாக வென்று அடைந்த உரிமையால் நின்றார்கள்.

கரீபியத்துக்கும் இந்தியக் கால்பந்துக்கும் நேரடி உறவும் உண்டு. சுவீடனுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் பந்தைக் கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் மோதவிட்ட டிரினிடாட் வீரர் கார்னெல் கிளென் பின்னாளில் ஷில்லாங் லஜோங், மோகன் பகான் ஆகிய இந்தியக் கழகங்களுக்கு ஆடினார். அன்றைய தேசிய லீக்கான ஐ-லீக்கின் 2018-19 பருவத்தில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணிக்காக 21 கோல்களை அடித்தவரும் டிரினிடாட்டைச் சேர்ந்த வில்லிஸ் பிளாசாதான். அதே 21 கோல்களை அடித்து அவரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர் பெத்ரோ மான்சி. அவர் ஆடிய கழகம் சென்னை சிட்டி எஃப்சி.

சென்னை சிட்டியின் கதைக்குள் நுழையுமுன் இந்தியாவில் தேசிய லீக் உருவான முறையைச் சுருக்கமாகக் காண வேண்டும். 1888இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பை, 1898இல் தொடங்கிய கல்கத்தா லீக் என்று இந்தியக் கால்பந்தின் போட்டிகள் உலக அளவிலேயே பழமையானவை. இருந்தும் நாடு தழுவிய லீக் ஒன்று 1996 வரை அமையவில்லை. அவ்வாண்டு அகில இந்திய கால்பந்து சம்மேளனம் தொடங்கிய தேசிய கால்பந்து லீக்கின் முதல் சாம்பியன் பஞ்சாபின் ஜேசிடி ஆலை அணி. அந்த முதல் பருவத்திலேயே சென்னையின் இந்தியன் வங்கி அணியும் பங்கேற்றது. அந்த லீக் 2007இல் ஐ-லீக் எனப் பெயர் மாறியது. அதன்பின் 2010 டிசம்பரில் சம்மேளனம் தன் வணிக உரிமைகள் அனைத்தையும் 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அதன் விளைவாக 2014 அக்டோபரில் எட்டு நகர அணிகளோடு இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. ஒரு நகரின் பெயரில் அணி நடத்தும் உரிமையை விலை கொடுத்து வாங்கும் இந்த முறையில் தொடக்கத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நடிகர் அபிஷேக் பச்சன், கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனி முதலியோர் உரிமையாளர்களாக இருந்த சென்னையின் எஃப்சி 2015லும் 2017-18லும் பட்டம் வென்று, தமிழ்நாட்டில் கால்பந்தைப் புதிய பார்வையாளர்களிடம் கொண்டு சேர்த்தது. அந்தப் பணியைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

சென்னை சிட்டி வந்த வழி வேறு. 1946இல் நேதாஜி விளையாட்டுக் கழகம் என்ற பெயரில் தொடங்கி, சென்னையின் லீக் போட்டிகளில் ஆடி வளர்ந்த பழைய கழகத்தின் மறுபிறவி அது. 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் இடம் பெற்று, பின்னர் கோவையின் நேரு விளையாட்டரங்கத்தைத் தன் தாய்மைதானமாக்கிக்கொண்டது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பின், ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்த மான்சி, நெஸ்தோர் கோர்தியோ, சாந்த்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா ஆகியோரை நடுவில் நிறுத்தி, அவர்களைச் சுற்றித் தமிழ்நாட்டு இளைஞர்களைக் கொண்டு அணி அமைக்கப்பட்டது. மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நீளமாக உதைத்து ஓடும் பழக்கத்தை விட்டு, காலடியில் பந்தை வைத்துக்கொண்டு சிறு சிறு பாஸ்களால் எதிரணியை இழுத்து உடைக்கும் ஆட்டத்தை அந்த அணி ஆடியது. உரிய பயிற்சியும் வாரந்தோறும் ஆட்டமும் கிடைத்தால் தமிழ்நாட்டு வீரர்கள் அத்தகைய ஆட்டத்தை நாட்டிலேயே சிறப்பாக ஆட வல்லவர்கள் என்பதை அப்பருவத்தின் 20 ஆட்டங்களும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவின. அவர்களுள் நெய்வேலியில் பிறந்த எட்வின் சிட்னி வான்ஸ்பாலும் ஒருவர். நிலக்கரி நகரியத்தில் பிறந்த ஒருவர் இந்தியாவின் சாம்பியன் அணியில் நின்றார் என்ற செய்தி, குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர் வட்டாரத்தில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டியது.

2019 மார்ச் 9 அன்று பருவத்தின் கடைசி நாள் ஆட்டங்கள் நடந்தன. சென்னை சிட்டி கோவையில் மினர்வா பஞ்சாபையும், நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவையும் ஒரே வேளையில் எதிர்கொண்டன; சென்னை சிட்டி தடுக்கிவிழுந்து ஈஸ்ட் பெங்கால் வென்றால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போகும் நிலை. கோவையில் மினர்வா முதலில் கோல் அடித்தது. மான்சி பெனால்டியில் சமன் செய்ய, தடுப்பாட்ட வீரர் கௌரவ் போரா அடுத்தடுத்து இரண்டு கோல்களை அடிக்க, ஆட்டம் 3-1 என முடிந்தது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று வென்றிருந்ததால், அன்று சென்னை சிட்டி சறுக்கியிருந்தால் பட்டம் கைநழுவியிருக்கும். 43 புள்ளிகள், 42 புள்ளிகள்: ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று முதன்முறையாக ஐ-லீக் சாம்பியன் ஆயிற்று.

அந்தப் பட்டத்தின் தகுதி சில மாதங்களிலேயே மாற்றப்பட்டது. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்புதல் அளித்த திட்டத்தின்படி, இந்தியாவின் முதற்பிரிவு என்ற இடம் இந்தியன் சூப்பர் லீக்குக்கு உரியதாயிற்று. ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு நகர்ந்தது. களத்தில் வென்ற சாம்பியன், களத்துக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவால் கீழ்ப்பிரிவுக் கழகமானது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல்-ரிஃபா அணியிடம் சென்னை சிட்டி தோற்றது. முக்கிய வீரர்கள் ஒவ்வொருவராக வேறு கழகங்களுக்குச் சென்றனர், வான்ஸ்பாலும் சென்னையின் எஃப்சிக்கு மாறினார். 2021இல், ‘கழக உரிமம்’ எனப்படும் தகுதிச் சான்றுக்கான நிபந்தனைகளை, அதாவது நிதிநிலை, நிர்வாகம், சட்டம், மைதான வசதி, இளையோர் பயிற்சி ஆகியவற்றில் ஒரு கழகம் எட்ட வேண்டிய குறைந்தபட்ச அளவுகளை, நிறைவேற்றாத காரணத்தால் சென்னை சிட்டி ஐ-லீக்கிலிருந்து விலக்கப்பட்டது. பட்டம் வென்று மூன்று ஆண்டுகள் கூட நிறைவதற்குள் நாட்டின் சாம்பியனுக்கு ஆட இடமில்லை. உரிம நிபந்தனைகள் தேவையானவை. வீரர்களின் சம்பளத்தைக் காக்கும் வேலியும் அவையே. ஆனால் மேலே ஏற வழியில்லாத ஒரு லீக்கில், தொலைக்காட்சிப் பணமும் விளம்பரமும் வேறொரு லீக்குக்குச் சென்றுவிட்ட நிலையில், எந்த முதலீட்டாளர் எந்த நம்பிக்கையில் ஒரு கழகத்தைத் தாங்கி நிற்பார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்டாக வேண்டும். மேலேறும் வழி 2022-23 பருவத்தில்தான் திறந்தது; அப்பருவத்தின் ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் கழகமும், அடுத்த ஆண்டில் கொல்கத்தாவின் முகமதியன் ஸ்போர்ட்டிங்கும் சூப்பர் லீக்குக்குள் நுழைந்தன. அந்தக் கதவு நான்கு ஆண்டுகள் முன்னதாகத் திறந்திருந்தால் முதலில் நுழைந்திருக்க வேண்டியது கோவையில் ஆடிய தமிழ்நாட்டு அணி.

மேல்மாடியை மட்டும் கட்டிய திட்டம் எவ்வளவு உறுதியற்றது என்பது 2025இல் வெளிப்பட்டது. 15 ஆண்டு ஒப்பந்தம் அவ்வாண்டு டிசம்பர் 8 அன்று முடிய இருந்த நிலையில், அதன் பின் யார் லீக்கை நடத்துவது என்பது தெளிவாகாததால், ஜூலையில் புதிய பருவம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி உள்ளிட்ட கழகங்கள் தங்கள் செயல்பாடுகளையோ ஊதியத்தையோ நிறுத்தின. செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் சம்மேளனத்தின் புதிய அமைப்பு விதிகளுக்குத் திருத்தங்களுடன் ஒப்புதல் அளித்தது. ஆனால் வணிக உரிமைகளுக்குச் சம்மேளனம் கோரிய ஒப்பந்தப்புள்ளிக்கு நவம்பர் கெடு வரை ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. பின்னர் மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் தலையீட்டில், 2026 பிப்ரவரி 14 முதல் 14 கழகங்களோடு சுருக்கப்பட்ட பருவம் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அரசுப் பணம் ஒன்றையே நம்பிய டிரினிடாட்டும் ஒரே வணிக நிறுவனத்தை நம்பிய இந்தியாவும் ஒரே இடத்தில் வந்து நின்றன. இரு நாடுகளிலும் மேல்மட்டம் முடங்கிய நாட்களில் முதலில் பாதிக்கப்பட்டவர்கள் வீரர்கள். ஒரு கால்பந்து வீரரின் ஆட்ட வாழ்வு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே என்பதால், இழந்த ஒரு பருவத்தை அவருக்கு எவராலும் திருப்பித் தர முடியாது.

தமிழ்நாட்டுக்குள் வந்தால், மாநிலத்தின் உச்ச லீக்காக விளங்குவது சென்னைக் கால்பந்துச் சங்கத்தின் சீனியர் டிவிஷன். இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, ஐசிஎஃப், கணக்காயர் அலுவலகம், சுங்கத்துறை, தெற்கு ரயில்வே முதலிய அலுவலக அணிகளே பல பத்தாண்டுகள் அதன் முதுகெலும்பு. விளையாட்டு ஒதுக்கீட்டில், பேச்சு வழக்கில் ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’வில், ஒரு நிரந்தர வேலை என்பதே தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிய முதன்மைக் காரணம், அதை இகழ எவருக்கும் உரிமை இல்லை, ஏனெனில் அந்த வேலைகளே ஏழை வீடுகளின் நிலையை மாற்றின. இந்த அமைப்பின் குறை வேறிடத்தில் இருக்கிறது. மாநிலத்தின் லீக் எனப்படுவது ஒரு நகரத்தின் லீக். கடலூர் மாவட்டத்தில் சிறந்து விளங்கும் அணி அந்த வெற்றியின் பயனாகவே சீனியர் டிவிஷனுக்குள் நுழையும் ஏற்பாடு இல்லை. வீரர் தனியாளாகப் பெயரலாம், கழகம் பெயர முடியாது. திறமையுள்ள ஒவ்வொருவரும் தன் ஊர் அணியைக் கைவிட்டால்தான் உயரலாம் என்ற நிலையில், ஊர் அணி ஒவ்வொரு தலைமுறையிலும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதாகிறது.

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் வீரர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. சென்னையின் எஃப்சிக்கு 2017-18இல் நடுக்களத்தைத் தாங்கிய தனபால் கணேஷ் வட சென்னையின் வியாசர்பாடியைச் சேர்ந்தவர்; 2023 ஆகஸ்டில் கொல்கத்தாவின் பெரும்பகை ஆட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்து வென்று தந்த நந்தகுமார் சேகரும் சென்னைக்காரர்தான்; ஐ-லீக்கிலும் சூப்பர் லீக்கிலும் ஒளிர்ந்த மைக்கேல் சூசைராஜ் கன்னியாகுமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர். வியாசர்பாடியிலும் இரவிபுத்தன்துறை அடங்கிய தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்களிலும் ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு துறையும் தன் அணியை வைத்திருக்கிறது. சிறுவர்கள் ஆண்டு முழுவதும் தங்களை விடப் பெரியவர்களோடு ஆடுகிறார்கள். வாரந்தோறும் ஆட்டம் கிடைக்கும் இடத்திலிருந்தே வீரர்கள் எழுகிறார்கள் என்பதற்கு இவ்விரு பகுதிகளை விட வலுவான சான்று தேவையில்லை.

கடலூர் மாவட்டமே இதற்கு இன்னொரு சான்றைத் தந்திருக்கிறது. அதைத் தந்தவர்கள் பெண்கள். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழக அணி 2017-18இல் இந்திய மகளிர் லீக்கின் இறுதிக் கட்டத்தில் ஆடியது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனையாக உயர்ந்தார். 2018 பிப்ரவரியில் மணிப்பூரை வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பை வென்ற அணியிலும் அவர் இருந்தார். மகளிர் லீக்கில் உரிமை விலை என்ற மதில் இல்லாததால் ஒரு மாவட்டத் தலைநகரின் அணி நாட்டின் உச்சப் போட்டி வரை போக முடிந்தது. மதுரை சேது எஃப்சி 2019இல் அந்த லீக்கை வென்றதும் அதே திறந்த வழியால்தான். ஆடவர் கால்பந்தின் நிர்வாகிகள் ஜமைக்கா வரை போக வேண்டியதில்லை. கடலூர் அண்ணா விளையாட்டரங்கம் வரை வந்தாலே போதும்.

குள்ளஞ்சாவடி அளவில் இது என்னவாக உருப்பெறும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். கடலூர், குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி, பண்ருட்டி, விருத்தாசலம், சிதம்பரம், பரங்கிப்பேட்டை, புவனகிரி, சேத்தியாத்தோப்பு, திட்டக்குடி என 12 ஊர்களுக்கு ஓர் அணி வீதம் அமைந்தால், ஒவ்வொன்றுக்கும் 22 ஆட்டங்கள், மொத்தம் 132 ஆட்டங்கள். வாரத்துக்கு ஆறு ஆட்டங்கள் என்றால் 22 வாரங்கள் வேண்டும். வடகிழக்குப் பருவமழையும் புயலும் இம்மாவட்டத்தை அக்டோபர் முதல் டிசம்பர் வரை சும்மா விடுவதில்லை. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் ஒரே இரவில் இந்த வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போனது. ஆகவே பொங்கல் முடிந்த வார இறுதியில் தொடங்கி, வடலூர்த் தைப்பூசத்துக்கும் மாசி மகத்துக்கும் பள்ளித் தேர்வுகளுக்கும் சில வாரங்களை விட்டு, ஜூலைக்குள் முடிப்பதே இம்மண்ணுக்கு ஏற்ற பருவம். கோடையில் மாலை ஐந்து மணிக்குப் பின் ஆட்டத்தைத் தொடங்கினால் வெயிலும் தாழ்ந்திருக்கும், வேலை முடித்து வருபவர்களுக்கும் வசதி. ஓர் ஊரின் வீரர்கள் வாரத்துக்கு ஒரு முறை பேருந்தில் சென்று அன்றிரவே திரும்பும் தொலைவுதான் எல்லா ஊர்களும். இதற்குப் புதிய அரங்கம் எதுவும் வேண்டியதில்லை. பள்ளி மைதானங்களும் கடலூர், நெய்வேலி அரங்குகளும் உள்ளன. வேண்டியவை பயிற்சி பெற்ற நடுவர்கள், முதலுதவிக்கு ஓர் ஆம்புலன்ஸ், வீரர்களைப் பதிவு செய்யும் ஒழுங்கு, மழையோ தேர்தலோ வந்தாலும் மாற்றி எழுதப்படாத ஓர் அட்டவணை. அனைத்துக்கும் மேலாக, அந்த லீக்கின் சாம்பியனுக்கு மாநில லீக்கில் ஓர் இடம் உண்டு என்று தமிழ்நாடு கால்பந்துச் சங்கம் எழுத்தில் தரும் உறுதி வேண்டும். 2023இல் தொடங்கிய ஐ-லீக் 3 என்னும் தேசியப் பிரிவுக்கு மாநிலச் சங்கங்கள் தங்கள் லீக் கழகங்களை முன்மொழியும் வழி ஏற்கெனவே இருப்பதால், அந்த ஒரு கண்ணி இணைந்துவிட்டால் குள்ளஞ்சாவடி அணியிலிருந்து இந்தியன் சூப்பர் லீக் வரை தாளிலாவது ஒரு தொடர்ச்சியான பாதை உருவாகிவிடும், அந்தப் பாதையில் எவ்வளவு தூரம் போவது என்பதை வட்டார இளைஞர்கள் தங்கள் கால்களால் முடிவு செய்துகொள்வார்கள்.